போனில் மின்னிய தீபாவளி போஸ்டர் தாளில் மங்கியது ஏன்?

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் செய்து விற்று அதில்தான் குடும்பம் நடத்துகிறேன். தீபாவளி ஆர்டருக்காக 12×18 அங்குலத்தில் 200 போஸ்டர் அடிக்கக் கொடுத்தேன். டிசைன் வாட்ஸ்அப்பில் வந்தபோது பளிச்சென்று இருந்தது, சரி என்று பதில் போட்டேன். கைக்கு வந்ததோ வேறு மாதிரி. ஆரஞ்சு நிறம் செங்கல் நிறமாகிவிட்டது. 'நெய்' என்பதில் கொம்பு இடம் மாறி 'ந'வுக்குப் பின்னால் நிற்கிறது. அதிரசப் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. "நீங்கதானே ஓகே சொன்னீங்க" என்கிறார் அச்சகக்காரர். வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக முடியாதாமே?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: போகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துபவர் அந்தத் தொழிலுக்கென்றே வாங்குவது வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

ஆனால் மூன்று குறைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. கொம்பு பிரிந்ததுதான் உங்களுடைய வலுவான புகார். நீங்கள் சரி சொன்ன படத்தில் எழுத்து ஒழுங்காக இருந்து, அச்சில் உடைந்திருந்தால் அது முழுக்க அச்சகத்தின் பொறுப்பு. டிசைன் செய்த கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு அச்சுக்கு அனுப்பும் கணினியில் இல்லாமல் போனாலோ, அங்குள்ள மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோக்காவிட்டாலோ இப்படி ஆகும். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் எழுத்துகளை 'கர்வ்' ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பியிருந்தால் கொம்பு நகர்ந்தே இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அதிலேயே எழுத்து உடைந்திருந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், அச்சகக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நிறத்தைப் பொறுத்தவரை உங்கள் கட்சி கொஞ்சம் பலவீனம். போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள். திரையில் ஒளிரும் ஆரஞ்சையும் கிளிப்பச்சையையும் இந்த நான்கு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது. நல்ல டிசைனர் இதை வேலை தொடங்கும்போதே சொல்லி, அச்சு நிறங்களிலேயே வடிவமைப்பார். சொல்லாமல் விட்டது சரியில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் திரையைப் பார்த்துச் சரி சொல்லிவிட்ட பிறகு அதை நிரூபிப்பது கடினம்.

படம் புள்ளியடித்ததற்குக் காரணம் பிக்சல் குறைவு. கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 12×18 அங்குலத்துக்கு அது 3600×5400. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காகச் செய்யும் 1080 பிக்சல் அகல டிசைனை அப்படியே பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 90தான் மிஞ்சும். சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு 150 இருந்தால்கூட ஒப்பேற்றலாம், 90க்கு அதிரசம் தாங்காது. அதிரசப் படம் நீங்கள் கொடுத்ததா என்று பாருங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால்தான் முழு அளவில் போகும்.

இப்போதைக்கு, எழுத்துப் பிழைக்காக 200 போஸ்டரையும் திருத்தி அடித்துத் தரும்படி எழுத்திலேயே கேளுங்கள், நாள் குறிப்பிட்டுக் கேளுங்கள். பண்டிகை முடிந்த பிறகு வரும் போஸ்டர் யாருக்கு வேண்டும்? மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம் அதுதான். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இருக்கிறதல்லவா?

அடுத்த முறை, அடிக்கப்போகும் அதே மெஷினில், அதே தாளில், ஒரே ஒரு பிரதி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 200 பிரதி என்றால் பெரும்பாலும் டிஜிட்டல் அச்சுதான், ஒரு தாள் எடுப்பதில் சிரமமே இல்லை. ஆயிரக்கணக்கில் ஆஃப்செட்டில் அடிக்கும்போது பிளேட் என்ற அச்சுத் தகடு போட்ட பிறகு மாற்றினால் செலவு உங்கள் தலையில் விழும், அதனால் பிளேட்டுக்கு முன்பே புரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரித் தாள் கேட்டுவிடுங்கள். அந்தத் தாளில் விலை, போன் எண், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சிவகாசி அச்சகங்களில் ஆடிப்பெருக்குக்கே காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகி, அதற்குப் பிறகு காலண்டர் வேலை குவியும். தீபாவளி நெருங்கும்போது போய் நின்றால் புரூஃப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் விளக்கு, கோலப் படங்களை எங்கள் ஜவுளிக்கடை போஸ்டரில் போடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: தேடலில் கிடைத்துவிட்டது என்பதாலேயே இலவசம் ஆகிவிடாது, அந்தப் படத்தை உருவாக்கியவருக்குக் காப்புரிமை உண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி தரும் தளங்களில் எடுங்கள், அல்லது உங்கள் வீட்டு வாசல் கோலத்தையே போனில் எடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், உங்கள் ஊர்க்காரர்களுக்கும் பிடிக்கும். நடிகர் படத்தை அனுமதி இல்லாமல் போடவே போடாதீர்கள்.

கேள்வி: '50% தள்ளுபடி' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, 'வரை' என்பதைப் பொடி எழுத்தில் போடுவது சரியா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியில்லை. பொய்யான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, நிபந்தனைக் குறிப்பு விளம்பரம் இருக்கும் அதே மொழியில், அதே எழுத்துருவில், தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். தமிழ் போஸ்டரின் அடியில் ஆங்கிலத்தில் நிபந்தனையைப் பதுக்குவதும் தவறுதான். போஸ்டரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பில் போடும் இடத்தில் பேச்சு மாறினால், அந்தப் படத்தோடும் பில்லோடும் 1915க்குப் புகார் செய்யலாம்.