ரெண்டாவது குண்டுக்கு யாருங்க ஆர்டர் போட்டது?

கேள்வி: ஹிரோஷிமால ஒரு அணுகுண்டு போட்டு ஊரையே காலி பண்ணியாச்சு. ஜப்பான்காரன் யோசிக்கக்கூட டைம் குடுக்காம மூணே நாள்ல நாகசாகிலயும் போட அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் எப்படிங்க முடிவெடுத்தார்?

பதில்: எடுக்கவே இல்லங்க, அதான் விஷயமே. ரெண்டாவதுக்குன்னு தனி ஆர்டரே கிடையாது. 1945 ஜூலை 25 தேதி போட்ட ஒரே ஆர்டர்தான், ஆகஸ்ட் 3 வாக்குல இருந்து வானம் தெளிஞ்சதும் முதல் குண்டைப் போடுங்க, ஊர் ஹிரோஷிமா, கோகுரா, நிகாட்டா, நாகசாகி இதுல ஒண்ணு, அடுத்தது ரெடியானா அதையும் போடுங்கன்னு. அதுக்கப்புறம் மேல யாரையும் கேக்க வேண்டியதில்ல. ரெண்டாவதை 11ந் தேதிதான் போடறதா இருந்தாங்க, வெதர் கெட்டுப்போகும்னு சொன்னதால 9ஆம் தேதிக்கு முன்னாடி இழுத்துட்டாங்க, அவ்ளோதான் அந்த மூணு நாள் கணக்கு!

அன்னிக்கும் பிளேன் போனது நாகசாகிக்கு இல்ல, கோகுராவுக்கு. அங்க புகையும் மூட்டமுமா இருந்து இலக்கு கண்ணுக்கு சிக்கல, மூணு தடவை சுத்திப் பாத்தாங்க, பிளேன்ல பெட்ரோல் பம்ப் வேற ஒண்ணு ஏற்கனவே மக்கர், சரின்னு நாகசாகிக்கு திருப்பினாங்க. அங்கயும் மேகம். குறி வச்ச இடத்த விட்டு சுமார் மூணு கிலோமீட்டர் தள்ளி, உரகாமி பள்ளத்தாக்குக்கு மேல 11.02க்கு வெடிச்சுது. பாவமன்னிப்பு கேக்க உரகாமி மாதா கோயிலுக்கு வந்திருந்த ஜனம் அப்படியே போச்சு. கொடுமை என்னன்னா, நாகசாகி லிஸ்ட்ல ஏறினதே கியோட்டோவை அமெரிக்க போர் மந்திரி ஸ்டிம்சன் பிடிவாதமா அதுல இருந்து எடுக்க வச்சதுக்கு அப்புறம்தான்.

அதே நேரம் டோக்கியோவுல தலைவர்கள் சரணடையறதா வேணாமான்னு கூட்டம் போட்டுட்டு இருந்தாங்க, ரஷ்யா, ஜப்பான் கையில இருந்த மஞ்சூரியாவுக்குள்ள பூந்துட்டான்னு தெரிஞ்சே உக்காந்த கூட்டம், நடுவுல நாகசாகி சேதி வருது, அப்பவும் மூணுக்கு மூணுன்னு இழுபறி. மறுநாள்தான் ட்ரூமன் இனிமே என்னைக் கேக்காம போடாதீங்கன்னு சொன்னார். இன்னொரு லட்சம் பேர், அத்தனை குழந்தைங்க, நினைக்கவே முடியலன்னு அவர் சொன்னதா அவரோட மந்திரி வாலஸ் டைரில எழுதியிருக்கார். என்னைக் கேட்டா, அவர் முடிவுன்னு சொல்லத்தக்கது இது ஒண்ணுதான்.

கேள்வி: குண்டு போடாம ஜப்பான் மேல படையெடுத்திருந்தா பத்து லட்சம் அமெரிக்க சோல்ஜர்ஸ் செத்திருப்பாங்கன்னு சொல்றாங்களே?

பதில்: அந்த பத்து லட்சம் பிரபலமானது 1947ல ஸ்டிம்சன் எழுதின கட்டுரையால. அதுலயும் செத்தவங்க மட்டும் இல்ல, காயம்பட்டவங்களையும் சேத்துதான் கணக்கு, சொல்லச் சொல்ல எல்லாம் சாவாவே மாறிடுச்சு. 1945 ஜூன் 18 மீட்டிங்ல அமெரிக்க ராணுவத் தளபதி மார்ஷல் சொன்னது, ஜப்பானோட க்யூஷூ தீவுல இறங்கினா முதல் 30 நாள் ஆள்சேதம் பிலிப்பைன்ஸோட லூஸோன் தீவுல ஆனதைத் தாண்டாதுன்னு. அது 31,000, காயம் உள்பட. அந்தப் படையெடுப்பே நவம்பர் 1க்குதான் பிளான். அதுக்காக சேதமே ஆகியிருக்காதுன்னு சொல்ல வரல, ஜப்பானோட ஒகினாவா தீவுச் சண்டையில பட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு.

கேள்வி: பிழைச்சவங்க கதி?

பதில்: 1945 முடியறதுக்குள்ள ஹிரோஷிமால சுமார் 1,40,000, நாகசாகில சுமார் 70,000 பேர் போயிட்டாங்க. மிஞ்சினவங்களுக்கு ஹிபாகுஷான்னு பேர். வெளிக்காயமே இல்லாதவங்களுக்கு கொஞ்ச நாள் கழிச்சு முடி கொட்டி, ஈறுல ரத்தம் வந்து சாவு. கல்யாணச் சந்தையில கதிர்வீச்சு பட்ட பொண்ணுன்னு தெரிஞ்சா வந்த வரன் திரும்பிப் போயிடும், அதனால ஊர் பேரையே மறைச்சவங்க நிறைய. அமெரிக்கா ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு ஆரம்பிச்சு அவங்களைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துச்சு, எக்ஸ்ரே எடுத்துச்சு, குழந்தைங்களை அளந்துச்சு, வைத்தியம் மட்டும் எங்க வேலை இல்லன்னுடுச்சு. ஜப்பான் அரசாங்கம் அவங்க வைத்தியத்துக்குன்னு சட்டம் போட்டது 1957ல.