பெல் ஹவுசிங்கில் ஆயில் சொட்டினால் கிராங்க் சீல்தான் என்று அர்த்தமா?

கேள்வி: 18 வருடம் ஓடிய டீசல் லாரி வைத்திருக்கிறேன். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஆயில் திட்டு. வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பின்பக்க கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிராங்க் சீல் என்பது சுழலும் கிராங்க் ஷாஃப்ட் இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம். மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இன்ஜினில் வேறு எங்கே கசிந்தாலும் அந்த ஆயில் கடைசியில் வந்து தொங்கும் இடமும் பெல் ஹவுசிங்தான், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடு. லாரி ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் கசிவைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். டேப்பெட் கவரின் (இன்ஜினின் உச்சியில் உள்ள மூடி) பின் மூலையில் கசிகிற ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது கிராங்க் சீல் கசிவு போலவேதான் தெரியும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிடுங்கள். ஈரமாக இருக்கும் இடங்களில் எது உயரத்தில் இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்று தேடுங்கள். கசிவு அங்கேதான் தொடங்குகிறது.

தேடுவதற்கு முன் இரண்டு விஷயம். சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா? பெல் ஹவுசிங்குக்குள் கியர்பாக்ஸின் முன் சீலும் இருக்கிறது. அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். டீசல் இன்ஜினில் ஓடிய ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயில் பிசுபிசுவென்று கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். ஒரு முறை மோந்தால் மறக்காது. அடுத்தது, நீங்கள் ஊற்றும் அந்த ஒரு லிட்டரும் தரைக்குத்தான் போகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் ஏற்றத்தில் இழுக்கும்போதும் நீலப்புகை வந்தால் ஒரு பங்கு உள்ளே எரிகிறது. உள்ளங்கை அகலத் திட்டு வாரம் ஒரு லிட்டர் கணக்குக்கு வராது.

இனி பழைய வண்டிக்காரர்கள் பலர் கவனிக்காமல் விடும் விஷயம்: பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் அறைக்குள் இறங்குவது எல்லா இன்ஜினிலும் உண்டு. அது ப்ரீதர் என்ற மூச்சுக் குழாய் வழியாக வெளியே போய்விடும். ரிங், லைனர் தேய்ந்து வாயு அதிகமானாலோ, ப்ரீதர் குழாய் கசடு பிடித்து அடைத்துக்கொண்டாலோ உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். இந்த நிலையில் புது சீல் போட்டாலும் சில நாளில் அதுவும் கசியும். பழியெல்லாம் சீல் கம்பெனிக்கு.

இதைப் பார்ப்பது சுலபம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, திருப்பி அந்த வாயின் மேலேயே சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் கவலையில்லை. துள்ளி விழுந்தாலோ, குபுகுபுவென்று புகை தள்ளினாலோ, முதலில் ப்ரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் உடனே ரிங் மேல் சந்தேகப்பட வேண்டாம். ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்தாலும், அது அடிக்கும் காற்று ஆயில் திரும்பும் வழியாக இன்ஜினுக்குள்ளேதான் வரும். ஏர் டேங்கை வடிக்கும்போது தண்ணீரோடு ஆயில் கலந்து வருகிறதா என்று பாருங்கள். நிறைய வந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டர்போ சீல் போனாலும் இதே கதைதான். அப்படியே டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றி வைத்திருந்தால் அதுவே கசிவுக்குப் போதுமான காரணம்.

இன்னொன்று, பழைய இன்ஜின்கள் பலவற்றில் ப்ரீதர் குழாயின் வாய் கீழ்நோக்கித் திறந்தே இருக்கும். அந்த நுனியில் ஒன்றிரண்டு சொட்டு தொங்குவது இயல்பு. அது எங்கே முடிகிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ளுங்கள். பெல் ஹவுசிங் பக்கம் முடிந்தால் உங்கள் திட்டில் அதற்கும் பங்கு இருக்கும்.

அடுத்து, கழுவுவது. பல வருட மண்ணும் ஆயிலும் சேர்ந்து கட்டி தட்டிய இன்ஜினில் யாராலும் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது டீகிரீசர் அடித்து, பிரஷ் போட்டு, தண்ணீரில் அலசுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வயர் சாக்கெட்டுகள், ஏர் ஃபில்டர் வாய் இவற்றைப் பாலிதீன் கட்டி மூடிவிட்டுச் செய்யுங்கள். மூலைகளில் நிற்கும் தண்ணீரைக் காற்று அடித்து விரட்டிக் காயவிடுங்கள். டேப்பெட் கவரின் பின்பக்கத்தையும், பிளாக்கும் பெல் ஹவுசிங்கும் சேரும் கோட்டையும் கழுவாமல் விட்டால் இந்த வேலை செய்தும் பிரயோஜனமில்லை.

கழுவிய பிறகு ஐட்லிங்கில் மட்டும் விட்டுப் பார்த்தால் போதாது. சில கசிவுகள் ஆயில் சூடாகி இளகி, இன்ஜின் பாரம் இழுக்கும்போதுதான் தலைகாட்டும். 15, 20 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கேபினைத் தூக்கினால் அதன் லாக் விழுந்ததா என்று உறுதி செய்துகொண்டு, டார்ச்சோடு மேலிருந்து கீழே வாருங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை.

டேப்பெட் கவரில் தொடங்குங்கள். மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் பேக்கிங் பழசாகிக் கல் மாதிரி இறுகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பின் விளிம்பில் விரலை ஓட்டி எடுங்கள், ஆயில் ஒட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. அதன் போல்ட்டை இன்னும் இறுக்கி அடக்கலாம் என்று போகாதீர்கள். தகரம் வளைந்து கசிவு கூடும்.

அடுத்து ஆயில் பிரஷர் சுவிட்ச். சின்னச் சாமான்தான், ஆனால் பம்ப் தள்ளும் முழு அழுத்தமும் அதன் மேல் இருக்கிறது. வயர் சாக்கெட்டைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சுவிட்ச்தான் கசிகிறது. மாற்றுவது சில நிமிட வேலை. டர்போவுக்குப் போகும், திரும்பும் குழாய்கள், கம்ப்ரசர் அடி பேக்கிங், ஆயில் கூலர், ஃபில்டர் உட்காரும் இடம் எல்லாம் இதே வரிசையில் வரும். ஃபில்டர் மாற்றிய பிறகு கசிவு ஆரம்பித்தது என்றால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கக்கூடும். எக்ஸாஸ்ட் பக்கம் எது கசிந்தாலும் உடனே சரி செய்யுங்கள், தீப்பிடிக்கும்.

முன்பக்க கிராங்க் சீல் கசிந்தால் புல்லி சுழலும் வேகத்தில் ஆயில் ஒரே வட்டமாகத் தெறித்து, சுற்றிலும் கோடு விழுந்திருக்கும். சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பேக்கிங்கும் வடிகால் போல்ட்டின் வாஷரும் பார்த்ததுமே தெரியும்.

கண்ணால் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கும். டப்பாவில் சொன்ன அளவு ஊற்றி, ஓட்டிவிட்டு வந்து, இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் கசிந்த தடம் பச்சை மஞ்சளாகப் பளிச்சிடும். சாயம் இல்லாவிட்டால், துடைத்து உலர்ந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவுங்கள், ஈரம் எங்கே தொடங்குகிறது என்று அது காட்டும். கசிவை நிறுத்தும் திரவங்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இறுகிய ரப்பர் சீலைச் சற்று இளக்கி உப்ப வைக்கும், அவ்வளவுதான். உடைந்த பேக்கிங்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மேலே எல்லாம் உலர்ந்திருக்கிறது, மூடியும் துள்ளவில்லை, பெல் ஹவுசிங்கின் அடித் துளையில் மட்டும் புது இன்ஜின் ஆயில் வருகிறது என்றால் மெக்கானிக் சொன்னபடியே கியர்பாக்ஸை இறக்குங்கள். ஆயில் பட்டு கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருந்தால் தள்ளிப்போடவும் வேண்டாம். இறக்கியதும் துடைக்காமல் முதலில் தடத்தைப் பாருங்கள். ஆயில் கிராங்கின் நடுவிலிருந்து இறங்கியிருந்தால் சீல். அதற்கு மேலேயிருந்து வழிந்திருந்தால் பல இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டின் பின் மூடி. சீலை எடுத்த பின் கிராங்கில் அது உட்கார்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் மட்டும் நிற்காது. மேலே மெல்லிய ஸ்லீவ் ஏற்றியோ, சீலின் உள்விளிம்பு (உதடு) கிராங்கில் வேறு இடத்தில் உட்காரும்படி அதைச் சற்றுத் தள்ளிப் போட்டோதான் மூட வேண்டும்.