ஹமீட் வெறும் பலூனா?

அன்புள்ள அண்ணா,

போன கிழமை எழுதியதில், நீங்கள் பார்த்த மிகத் திறமையான பெதர்வெயிட் (குத்துச்சண்டையில் ஓர் எடைப்பிரிவு) வீரர்களில் இங்கிலாந்தின் நசீம் ஹமீட்டையும் சேர்த்திருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தச் சண்டைகளை நான் இப்போதுதான் யூடியூபில் பார்க்கிறேன். பறக்கும் கம்பளத்தில் வருகிறார், கயிற்றுக்கு மேலால் குட்டிக்கரணம் அடித்து ரிங்குக்குள் குதிக்கிறார், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆடுகிறார். ஆனால் அவர் வென்றது எல்லாம் வயது போனவர்களை. முதல் தடவையாக மெக்சிகோவின் மார்க்கோ அன்டோனியோ பரேரா போன்ற ஒரு நிஜ வீரர் எதிரே வந்ததும் பலூன் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே ஒரு சண்டை, அதோடு ஆளைக் காணவில்லை. விளம்பரம் ஊதிப் பெருப்பித்த ஆள்தானே அவர்?

– ச., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இது எனக்கு நெருக்கமான விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

2001 ஏப்ரல் 7-இல் லாஸ் வேகஸில் அந்தப் பரேரா சண்டை நடந்தது. நான் பார்த்தது சில மாதம் கழித்து, லண்டனிலிருந்து மச்சான் கொண்டுவந்த கெசற்றில். வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் ஐந்தாறு பேர் இருந்தோம். முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், முதல் சுற்றிலேயே பரேராவின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) ஹமீட்டின் முகத்தில் இறங்கியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று பரேரா செய்ததைக் கவனமாகப் பாருங்கள். அதுவரை அவர் முன்னால் பாய்ந்து அடித்து நொறுக்கும் மெக்சிகோ பாணி வீரர் என்றே பெயர் எடுத்திருந்தார். ஹமீட்டின் ஆட்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் அவர் பாயவில்லை. ஹமீட் இடக்கைக்காரர், அவருடைய வெடிகுண்டு இடது கையில்தான் இருந்தது. பரேரா சுற்றுக்குச் சுற்று தன் இடப்பக்கமாகவே வட்டமிட்டு, அந்தக் கைக்கு எட்டாமல் விலகிக்கொண்டே போனார். ஹமீட் காலை ஊன்றாமல் எட்டி வீசும் ஒவ்வொரு தரமும் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து), அதன் பின்னால் ஹூக். பன்னிரண்டு சுற்றும் இதே வேலை. கடைசிச் சுற்றில் ஹமீட்டின் தலையைப் பிடித்து மூலைத் தூணில் மோதியதற்கு அவருக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள். அப்படியிருந்தும் 116-111, 115-112, 115-112 என்று மூன்று நடுவர்களும் பரேராவுக்கே கொடுத்தார்கள். தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு வந்த ஒரு பெரிய வீரனின் சண்டை அது. பலூன் வெடித்தது என்று நீங்கள் எழுதும்போது, பரேராவின் அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் சின்னதாக்குகிறீர்கள்.

ஒரு இரவை வைத்து ஒரு வீரனின் எல்லா இரவுகளையும் அளக்கலாம் என்றால், 2003 நவம்பரில் அதே பரேராவை மானி பாக்கியாவ் பதினோராம் சுற்றில் நிறுத்தினார். அப்படியானால் பரேராவும் பலூனா? 2012-இல் பாக்கியாவ் ஆறாம் சுற்றில் மார்க்கேஸின் ஒரே குத்தில் முகம் குப்புற விழுந்தார். அவருமா?

வயது போனவர்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். ஹமீட்டிடம் தோற்றவர்களில் வாஸ்கெஸ் தன் நல்ல நாட்களைக் கடந்துதான் வந்தார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டொம் ஜோன்சன் அப்போது ஐபிஎஃப் (சர்வதேசக் குத்துச்சண்டைச் சம்மேளனம்) உலகப் பட்டத்தோடு இருந்தவர். கெவின் கெலி, 1997 டிசம்பரில் நியூயோர்க்கின் மாடிசன் ஸ்குவயார் கார்டனில், ஹமீட்டை மூன்று தரம் தரையில் இருத்தினார். மூன்று தரமும் எழும்பி, கெலியையும் மூன்று தரம் விழுத்தி, நாலாம் சுற்றில் முடித்தார் ஹமீட். நாடி மேலே, கை கீழே என்ற அந்தக் குறை அன்றைக்கே எல்லோர் கண்ணிலும் பட்டது. 2001-இல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குறையோடுதான் அவர் வென்றுகொண்டிருந்தார். அந்தக் குறையையும் மீறி வெல்ல வைத்தது எது என்பதே என் கேள்வி.

என் பதில், கால்கள். ஷெஃபீல்டின் விங்கோபாங்க் பகுதியில் பிரெண்டன் இங்கிள் நடத்திய ஜிம்மில் தரை முழுக்கக் கோடுகள் வரைந்திருந்தன. பிள்ளைகள் மணிக்கணக்காக அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டிக் கால் மாற்றிப் பழகுவார்கள். பயிற்சிச் சண்டையில் தலைக்கு அடிக்கக் கூடாது, உடம்புக்கு மட்டும்தான். யேமன் நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை ஹமீட், ஏழு வயதிலிருந்து அந்தக் கோடுகளில் வளர்ந்தவர். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் நின்றது திமிரில் மட்டும் இல்லை. குத்து வந்து சேர்வதற்குள் தன் கால் வேறு இடத்தில் இருக்கும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாங்கித் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பில் பாடசாலைக் குத்துச்சண்டையில் இருந்த பெடியன்கள் எல்லோருக்கும் ஹமீட் பைத்தியம். நானும் ஒரு மாலை பயிற்சியின்போது இரண்டு கையையும் இடுப்புக்கு இறக்கிவிட்டு, தோளை ஆட்டிக்கொண்டு நின்றேன். எதிரே நின்றவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். அவனுடைய வலது கை வந்ததை நான் பார்த்தேன், தெளிவாகவே பார்த்தேன். கால் நகரவில்லை. கீழே இருந்தபோது வாயில் இரத்தத்தின் உப்பு. எங்கள் சேர் குனிந்து, "தம்பி, நீ ஹமீட்ர கையைத்தான் பார்த்திருக்கிறாய்" என்றார். அன்றிலிருந்து எந்தச் சண்டையைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கால்களுக்குத்தான்.

1998-இல் ஹமீட் இங்கிளை விட்டுப் பிரிந்தார். பிறகு இமானுவல் ஸ்டுவர்ட் போன்ற பெரிய பயிற்சியாளர்கள் வந்தார்கள், வெற்றிகளும் தொடர்ந்தன. ஆனால் கால் மெல்ல மெல்ல நின்றுகொண்டே வந்தது. ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்று இடது கையை மட்டும் நம்பத் தொடங்கினார். 1999-இல் சோட்டோவோடு நடந்ததைப் பாருங்கள், பாதி மல்யுத்தம். நீங்கள் சொல்லும் பறக்கும் கம்பளம் 2000 மார்ச்சில், புங்குவோடு மோதியபோது வந்தது. வருகை பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருந்த நடை சுருங்கியது. பரேரா தோற்கடித்தது அந்த ஹமீட்டைத்தான். 1995-இல் இருந்தவரைத் தோற்கடித்திருப்பாரா என்று கேட்டால், எனக்கு அதில் உறுதி இல்லை, உங்களுக்கும் இருக்க முடியாது.

நம் ஊர் ஆள் ஒருவரை நினைத்துப் பாருங்கள். விரல் வித்தையால் மிரட்டிய கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர் அஜந்த மென்டிஸ் 2008 ஆசியக் கிண்ண இறுதியில் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். அதே மாதம் இந்தியாவோடு தொடங்கிய அவருடைய முதல் டெஸ்ட் தொடரில், மூன்று போட்டிகளில் 26 விக்கெட். அந்தத் தொடரிலேயே காலியில் சேவாக் ஆட்டமிழக்காமல் 201 அடித்து, விரலைப் பார்த்து ஆடினால் ஆடலாம் என்று காட்டினார். போகப் போக மற்றவர்களும் படித்துக்கொண்டார்கள். அதற்காக டிராவிடும் லக்ஷ்மணும் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் திணறியது பொய்யாகிவிடுமா? நாங்கள் கண்ணால் கண்டது அது.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பதில் இல்லாத ஓர் இடம் உண்டு. அவர் திரும்பி வரவில்லை. 2002 மே மாதம் லண்டனில் கால்வோவோடு ஒரு சண்டை, புள்ளியில் வென்றார், அரங்கம் கூச்சலிட்டது, அதோடு சரி. அப்போது அவருக்கு 28 வயது. கையில் காயங்கள் இருந்தன, உண்மை. ஆனாலும் பரேராவை இன்னொரு தரம் சந்தித்திருக்க வேண்டும். பரேரா தன் நாட்டுக்காரரான மொராலஸிடம் தோற்றும் விடாமல் போய் 2002-இல் அவரை வென்றாரே. ஹமீட் அப்படிச் செய்யாதது எனக்கு இன்றும் வலிக்கிறது. 37 சண்டையில் 36 வெற்றி, அதில் 31 நொக்அவுட், 2015-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் இடம், இவை எல்லாம் சேர்ந்தும் அந்த வலியை ஆற்றவில்லை. மிகச் சிறந்தவர் என்ற வரிசையில் அவரை முதலில் வைக்க என்னால் முடியாததற்கும் அதுதான் காரணம். ஆனால் ஒரு வீரன் தன்னை முழுதாகச் சோதிக்காமல் போனது வேறு, அவனிடம் ஒன்றுமே இருக்கவில்லை என்பது வேறு. நீங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதைச் சொல்கிறீர்கள்.

நீங்கள் கார்டிஃப் சண்டையை இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். 1995 செப்டெம்பர் 30, ஹமீட்டுக்கு 21 வயது, எதிரே ஸ்டீவ் ரொபின்சன், அவருடைய சொந்த ஊரில், அவருடைய சனத்துக்கு நடுவில். எட்டாம் சுற்றில் முடிகிறது. சத்தத்தை நிறுத்திவிட்டு, ஹமீட்டின் இடுப்புக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். பார்த்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.