மைக்குக்குப் பின்னால் உட்கார விரும்பும் பையன்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான். பயோ மேத்ஸ் குரூப். நன்றாகப் படிப்பான். இன்ஜினியரிங் சேர்த்துவிடலாம் என்று பார்த்தால், ரேடியோவில் வேலை பார்க்கணும் என்கிறான். அதிலும் பேசுகிற வேலை இல்லையாம். உள்ளே உட்கார்ந்து ரெக்கார்டிங், எடிட்டிங் பண்ணுவானாம். ஆர்.ஜே. என்றாலாவது நாலு பேருக்குப் பேர் தெரியும். யாருக்குமே தெரியாத வேலைக்கு எதற்குப் போகணும்? அதில் பிழைக்க முடியுமா? “உங்க பையன் என்ன பண்றான்” என்று சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, பேர் வராத வேலை என்று நீங்கள் சொல்வது சரிதான். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை நான் மறுக்கப் போவதில்லை. வானொலியில் குரல் கொடுப்பவருக்குத்தான் பேர். மற்றவர்கள் இருப்பதே கேட்பவருக்குத் தெரியாது. அதனாலேயே வானொலி நிலையத்துக்கு வாய்ப்புக் கேட்டு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மைக்கைத்தான் கேட்கிறார்கள். உங்கள் பையன் கூட்டம் குறைந்த வாசலில் நிற்கிறான். விரும்பி நிற்கிறானா, பேசக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறானா என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பேர் விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் தொடர்ந்து பேசின. கேட்டுப் பயிரிட்ட தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். நெல்லுக்கு வானொலியின் பேர் கிடைத்தது. ஆனால் கனமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தவர் யார்? விவசாயி அரை மணி நேரம் பேசியதைப் பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டிச் சில நிமிடமாக்கியவர் யார்? அந்தப் பேர்கள் ஊர் வாயில் தங்கவில்லை. இது அநியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். வேலை பயனற்றது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். ஆகாசவாணி நிலையம் ஒன்றில் டியூட்டி ரூம் என்று ஓர் அறை இருக்கும். காலையில் ஒலிபரப்பு தொடங்குமுன்பே அங்கே ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அன்றைய கியூ ஷீட் அவர் கையில். எந்த நிகழ்ச்சி எந்த நேரத்தில், எவ்வளவு நீளம், எங்கிருந்து வருகிறது, செய்தி எப்போது டெல்லியிலிருந்து இணைகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒலிபரப்பு முழுவதையும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. பாட்டு தாமதமாகத் தொடங்கினாலோ, நடுவில் சில விநாடி சத்தமே இல்லாமல் போனாலோ பதிவேட்டில் எழுதுவார். பேச வரவேண்டிய டாக்டர் வராவிட்டால் அந்தப் பதினைந்து நிமிடத்தை எதைப் போட்டு நிரப்புவது என்று முடிவெடுப்பவரும் அவர்தான். ஊருக்கு வெளியே ஒலிபரப்பி (டிரான்ஸ்மிட்டர்) கோபுரத்தடியில் இன்னொரு குழு இருக்கும். புயல் நாளில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்போது ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

தனியார் பண்பலையில் இந்த வேலைகளுக்கு வேறு பேர்கள். நேயர்கள் போனில் பேசுவது அப்படியே நேரலையாகப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது சற்று முன்னால் பதிவாகி, ஷோ புரொடியூசரால் நறுக்கப்பட்டு, பிறகு போவது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, ஒரே பாடகர் எத்தனை முறை திரும்ப வரலாம் என்பதை மியூசிக் மேனேஜர் மென்பொருளில் வரிசைப்படுத்துகிறார். டிராஃபிக் என்றொரு பிரிவு உண்டு. (சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) எந்த விளம்பரம் எந்த இடைவேளையில் போகும் என்று அடுக்குவது அவர்கள் பொறுப்பு. இரண்டு நகைக்கடை விளம்பரங்கள் அடுத்தடுத்து வந்துவிட்டால் மறுநாள் இரண்டு முதலாளிகளிடமிருந்தும் போன் வரும். காசு வரும் வழியே அது என்பதால் நிலையத்தில் ஆட்குறைப்பு நடந்தாலும் டிராஃபிக்கில் கை வைக்க யோசிப்பார்கள். ஆர்.ஜே.க்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் பையன் மேத்ஸ் குரூப் என்கிறீர்கள், இதையும் அவன் காதில் போட்டு வையுங்கள்.

இப்போது பணம். ஆகாசவாணி, தனியார் பண்பலை, சமுதாய வானொலி ஆகிய மூன்று இடங்களும் ஒன்று போல இல்லை.

ஆகாசவாணியில் நிரந்தர வேலை என்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2013-ல் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) வழியாக நிகழ்ச்சி நிர்வாகி, ஒலிபரப்பு நிர்வாகி பணிகளுக்கு அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தற்காலிக வேலை. பகுதிநேர அறிவிப்பாளர்களுக்குக்கூட மாதம் ஆறு டியூட்டிக்கு மேல் கொடுப்பதில்லை என்பது பல காலமாக இருக்கும் நடைமுறை. அதில் பயிற்சி கிடைக்கும், கௌரவம் கிடைக்கும், குடும்பம் நடத்த முடியாது. தனியார் பண்பலையில் மாதச் சம்பளம் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பல நிகழ்ச்சிகள் சென்னையில் ஒரே இடத்தில் தயாராகிப் பல ஊர்களுக்குப் போவதால் சிறிய ஊர் நிலையங்களில் ஆட்கள் குறைவு. இருக்கிற ஓரிருவரே பதிவு, தொகுப்பு, புரோமோ, சமூக ஊடக வீடியோ எல்லாம் செய்ய வேண்டும். தொடக்கச் சம்பளம் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த வகுப்புத் தோழனின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

மூன்றாவது சமுதாய வானொலி: கல்லூரியோ தொண்டு நிறுவனமோ தன் பகுதி மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடத்தும் சிறிய நிலையம். இதற்கு அனுமதிக்கப்படும் ஒலிபரப்பு சக்தி 100 வாட். தூத்துக்குடியில் ஆகாசவாணி நிறுவிய மத்திய அலை ஒலிபரப்பி 200 கிலோவாட், அதாவது இரண்டாயிரம் மடங்கு. சமுதாய வானொலி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். வருமானமும் அந்த அளவுதான்: அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 2024-ல்தான் 74 ரூபாய் ஆனது. ஆகவே இங்கே சம்பளம் சொற்பம், பல இடங்களில் வெறும் ஊக்கத்தொகை. இருந்தாலும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்பது விதி என்பதால் ஆள் குறைவாக இருந்தாலும் வேலை ஓயாது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கிய கடல் ஓசை 90.4 போன்ற நிலையத்தில் கடலுக்குப் போகிறவர் நம்பிக் கேட்கும் காற்று, அலை விவரத்தைப் பிழையில்லாமல் வாங்கிச் சேர்ப்பதும் மைக்குக்குப் பின்னால் நடக்கும் வேலைதான். அதில் ஒரு எண் தவறினால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, “ரேடியோ வேலை” என்று மட்டும் குறி வைத்தால் பாதை குறுகல். “ஒலி வேலை” என்று குறி வைத்தால் அகலம். ஒலியைப் பதிந்து, சுத்தம் செய்து, தொகுக்கத் தெரிந்தவருக்குச் சென்னையின் டப்பிங் கூடங்கள், ஓ.டி.டி. தொடர்களின் மொழிமாற்ற வேலை, ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், மேடை ஒலியமைப்பு, இணையவழிப் பாடங்கள் என்று பல கதவுகள் உண்டு. வானொலியில் பழகியவருக்கு இங்கெல்லாம் ஒரு கூடுதல் மதிப்பு இருக்கிறது. ஆறு மணிக்குப் போக வேண்டியது ஆறு மணிக்குப் போயே ஆக வேண்டும் என்ற பழக்கம் அவர் உடம்பில் ஊறியிருக்கும்.

படிப்புக்கு வருவோம். “ஆறே மாதத்தில் ஆர்.ஜே., வேலை உறுதி” என்று பெரிய தொகை கேட்கும் இடங்களை விட்டு விலகுங்கள். வேலை உறுதி என்று எந்த நிலையமும் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்காது. சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஒலிப்பதிவில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு நடத்துகிறது. இடங்கள் மிகக் குறைவு, கட்டணமும் குறைவு. உங்கள் பையன் பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருப்பது இங்கே உதவும். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இன்னொரு வழி. ஆனால் அதில் கேமராதான் ராஜா, ஒலி ஓரிரு தாளோடு முடிந்துவிடும். பட்டம் முடித்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களின் ஒலிப் பிரிவு நுழைவுத் தேர்வுகளை எழுதலாம்.

உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்க்க எனக்குத் தோன்றும் வழி வேறு. அவன் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) சேரட்டும், சமுதாய வானொலி இருக்கிற கல்லூரியாகப் பார்த்துச் சேரட்டும். நாட்டிலேயே முதல் வளாக சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004-ல் தொடங்கியது அண்ணா பல்கலைக்கழகத்தில்தான். கோவையில் பி.எஸ்.ஜி. கல்லூரிக்கும் வானொலி உண்டு. கலந்தாய்வில் கல்லூரிப் பட்டியல் போடும்போது இதையும் ஒரு காரணியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட பொறியியல் பட்டமும் கிடைக்கும், அவன் கேட்ட ஸ்டுடியோவும் கிடைக்கும். ஒலிபரப்பியைத் திறந்து சரிபார்க்கவும் தெரிந்து, ஒலித் தொகுப்பும் தெரிந்த ஆள் சிறிய நிலையங்களுக்கு அபூர்வம். நான்கு வருடத்தில் ஆசை வடிந்துவிட்டாலும் கையில் பட்டம் இருக்கும்.

அதற்கு முன்னால், விருப்பமா கூச்சமா என்று கண்டுபிடிக்க நான் சொன்ன அந்தச் சோதனை. வீட்டில் பாட்டியோ, பக்கத்துத் தெருவில் பீடி சுற்றும் அக்காவோ, யாராவது ஒருவரை இருபது நிமிடம் பேசவைத்துச் செல்போனிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவுக்கு முன் ஃபேனை நிறுத்துகிறானா என்று கவனியுங்கள். பிறகு அதை மூன்று நிமிடமாகச் சுருக்க வேண்டும், அவர் சொன்னதன் அர்த்தம் மாறக்கூடாது. இலவச மென்பொருள் போதும். முதல் முறை எல்லாப் பிள்ளைகளும் மூச்சுச் சத்தம் முழுவதையும் வெட்டி எறிவார்கள், பாட்டி இயந்திரம் மாதிரிப் பேசுவார். இரண்டாம் முறை கேட்கும்போது எங்கே மூச்சை விட்டுவைக்க வேண்டும், எந்த மௌனம் தேவை என்று தானாகப் பிடிபடும். யாரும் சொல்லாமல் மூன்றாம் முறையும் உட்கார்ந்து திருத்துகிறான் என்றால் இது கூச்சம் இல்லை, விருப்பம். ஒரு தடவையிலேயே சலித்துப்போய் எழுந்தால் கோபிக்காமல் வேறு பேச்சுப் பேசலாம். மூன்று நிமிடத்தை முடித்த பையனுக்குச் சாப்பாடு ஆறிப்போவது தெரிந்திருக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன், அப்போது திட்டாதீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி, பேர். நிலையம் கொடுக்காத பேரை அவனே ஆவணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு: தேதி, நிகழ்ச்சி, தான் செய்த பகுதி. முக்கியமான சில நிகழ்ச்சிகளில் நிலையத்தின் அனுமதியோடு ஒன்றிரண்டு நிமிடத் துண்டை, தொகுப்புக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக எடுத்து வைத்துக்கொள்ளட்டும். உரிமை நிலையத்துடையது, கேட்காமல் எடுத்தால் வம்பு. ஆர்.ஜே.யின் குரல் ஊருக்கே தெரியும், அவருக்கு மாதிரி தேவையில்லை. தொகுப்பாளரின் திறமை காதில் விழாமல் இருப்பதுதான் அதன் இலக்கணம். முன், பின் துண்டுகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒழிய அடுத்த முதலாளிக்கு ஒன்றும் புரியாது.

நிலையங்களை நடத்துகிறவர்களும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆகாசவாணி நாடகங்களின் முடிவில் தயாரித்தவர், உதவியவர் பேரைச் சொல்லும் வழக்கம் இருந்தது. “ஒலிப்பதிவு இன்னார், தொகுப்பு இன்னார்” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். மத்திய அரசு தரும் தேசிய சமுதாய வானொலி விருதுகள் நிலையத்துக்குத்தான் போகின்றன. அதை வாங்கும் மேடைக்கு ஒலிப்பதிவாளரையும் கூட்டிக்கொண்டு போவதை யாரும் தடுக்கவில்லை. பிப்ரவரி 13 உலக வானொலி நாளில் ஆர்.ஜே.க்களோடு செல்ஃபி எடுத்துப் போடும் நிலையங்கள், அன்று ஒரு மணி நேரமாவது டியூட்டி ரூம்காரரையும் ஒலிபரப்பிப் பொறியாளரையும் மைக்குக்கு முன்னால் உட்கார வைக்கலாம். உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகள் இப்படி ஒரு வேலை இருப்பதையே அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள்.

சொந்தக்காரர்களுக்கு “சவுண்ட் இன்ஜினியர்” என்று சொல்லுங்கள், பொய்யில்லை. கடைசியாக ஒன்று. பயிற்சி என்ற பேரில் சம்பளமில்லாமல் வேலை வாங்கும் இடங்கள் இந்தத் துறையில் நிறைய. கல்லூரி விடுமுறையில் ஒன்றிரண்டு மாதம் என்றால் சரி, அதற்கு மேல் போக வேண்டாம். அங்கிருந்து வரும்போது “பயிற்சி பெற்றார்” என்று ஒற்றை வரியில் சான்றிதழ் நீட்டுவார்கள். எந்தெந்த நிகழ்ச்சியில் பதிவு செய்தார், எதைத் தொகுத்தார் என்று வேலையைக் குறிப்பிட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.