லாட்ஜ் வைஃபையில் இருந்து சொந்த சர்வர் வழியாகப் பிரவுஸ் செய்ய எஸ்எஸ்ஹெச் போதுமா?

கேள்வி: மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜில் தங்கி வேலை பார்க்கிறேன். எல்லோருக்கும் ஒரே வைஃபை பாஸ்வேர்ட். மும்பையில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்று இருக்கிறது. விபிஎன் வாங்காமல் அதன் வழியாகப் பிரவுஸ் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் போதும். பிரவுசருக்கு மட்டும் என்றால் விபிஎன்னுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தாலும் சரி, மாட்டுத்தாவணியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, நான் இப்படித்தான் வேலை பார்க்கிறேன்.

டெர்மினலில் எஸ்எஸ்ஹெச் என்று அடித்து, மைனஸ் கேபிடல் டி, 1080, அப்புறம் மைனஸ் கேபிடல் என், கடைசியில் வழக்கமாகக் கொடுக்கும் யூசர் பெயரும் சர்வர் முகவரியும். கேபிடல் டி உங்கள் லேப்டாப்பிலேயே 1080-ஆம் போர்ட்டில் ஒரு சாக்ஸ் ப்ராக்ஸியை, அதாவது பிரவுசர் கேட்பதை வாங்கி சர்வர் வழியாக அனுப்பும் இடைத்தரகரைத் திறந்து வைக்கும். கேபிடல் என் போட்டால் கட்டளை அடிக்கும் ஷெல் வராது, சர்வர் வரை போகும் மறைவான பாதையான டன்னல் மட்டும் நிற்கும். பாஸ்வேர்ட் கொடுத்த பிறகு திரையில் ஒன்றுமே வராது. அது சரிதான், விண்டோவை மூடிவிடாதீர்கள். விண்டோஸில் புட்டி பழகியவர்கள் டன்னல்ஸ் பக்கத்தில் டைனமிக் என்பதைத் தேர்ந்து 1080-ஐச் சேர்த்தால் போதும்.

பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸைச் சொல்வேன். அதற்கென்று தனி ப்ராக்ஸி செட்டிங் உண்டு. லேப்டாப்பின் மற்ற வேலைகளைத் தொடாது. மேனுவல் ப்ராக்ஸியில் சாக்ஸ் ஹோஸ்ட் 127.0.0.1, போர்ட் 1080, வெர்ஷன் 5. அங்கேயே டிஎன்எஸ்ஸையும், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரி கேட்பதையும், ப்ராக்ஸி வழியாக அனுப்பச் சொல்லும் ஒரு டிக் இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டிக் இல்லாமல், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியில் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டைப் பாருங்கள்: வெப் பக்கத்தின் உள்ளடக்கம் டன்னலுக்குள் பத்திரமாகப் போகும், ஆனால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்தின் பெயரும் லாட்ஜ் ரவுட்டருக்கு வெளிப்படையாகப் போய்க்கொண்டிருக்கும். டிக் போட்டால் ஃபயர்ஃபாக்ஸ் கேட்கும் பெயர்கள் அங்கே வராது.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சர்வரோடு முதல் தடவை இணைவதை வீட்டிலோ நம்பிக்கையான இடத்திலோ செய்துவிடுங்கள். அப்போது காட்டும் ஃபிங்கர்பிரிண்ட்டை, அதாவது சர்வரின் அடையாளக் குறியை, வாடகைக்கு விட்டவர்களின் வெப் கன்சோல் வழியாக சர்வரிலேயே பார்த்து ஒப்பிடுங்கள். லாட்ஜுக்கு வந்த பிறகு ‘ஹோஸ்ட் கீ மாறிவிட்டது’ (சர்வரின் அடையாளம் மாறிவிட்டது) என்று எச்சரித்தால், நீங்களாக சர்வரை மாற்றவில்லை என்றால், அங்கேயே நிறுத்துங்கள். நடுவில் யாரோ இருக்கலாம். 1995-இல் பின்லாந்தில் டாட்டு உலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதியதே, அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான்.

சர்வர் வரைக்கும்தான் இந்தப் பாதுகாப்பு. அங்கிருந்து தளம் வரை ஹெச்டிடிபிஎஸ்தான் காக்க வேண்டும். தளங்களுக்கு நீங்கள் மும்பையில் இருப்பதாகத் தெரியும். வெளிநாட்டு சர்வராக இருந்திருந்தால் வங்கிப் பக்கங்கள் சில நேரம் முரண்டு பிடிக்கும். வாட்ஸ்அப் போன்ற மற்ற ஆப்கள் லாட்ஜ் வைஃபையில் நேராகவே போகும். அவையும் டன்னலில் போக வேண்டும் என்றால் அப்போது விபிஎன் நியாயம். அதே சர்வரில் வயர்கார்ட் என்ற விபிஎன்னை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சர்வரில் ஓடும் டேட்டாபேஸை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் டி வேண்டாம், கேபிடல் எல் போதும். லேப்டாப்பின் ஒரு போர்ட்டை அந்த ஒரே இடத்துக்கு மட்டும் இணைத்துவிடும்.

சும்மா இருக்கும்போது டன்னல் அறுந்தால் எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் ஃபைலில் ServerAliveInterval 60 (சர்வர் அலைவ் இன்டர்வல்) என்று போடுங்கள்.