கணினியில் வரையும் எம் 2 எஞ்சினுக்கு எந்த அளவுத்திட்டம்?

கேள்வி: சிறுவயதில் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போது யாழ்தேவியை இழுத்த எம் 2 வகைக் கனடா எஞ்சின் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகளுடன் சேர்ந்து, ஒரு புகைப்படத்தை வைத்துக் கணினியில் அதை 1:87 அளவில் வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்தோம். உடல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் வாங்கிவைத்திருந்த சில்லுகளில் ஏற்றியதும் எஞ்சின் ஒடுங்கிய கால்களில் நிற்பதுபோல் தெரிகிறது. கைப்பிடிக் கம்பிகளும் உடைந்துபோயின. எங்கே பிழை விட்டோம்? – வாசகர், வெள்ளவத்தை.

பதில்: உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. கடைகளில் கிடைக்கும், 1:87 மாதிரி ரயில்களுக்கான எச்ஓ வகைச் சில்லுகளும் தண்டவாளங்களும் 16.5 மில்லிமீற்றர் இடைவெளி கொண்டவை. அதை 87 ஆல் பெருக்கினால் சுமார் 1435 மில்லிமீற்றர் வரும். அது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வழக்கிலுள்ள 4 அடி 8½ அங்குலப் பாதை. நம் நாட்டுப் பாதையோ 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். 1:87 அளவில் அது 19.3 மில்லிமீற்றராக இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் குறைகிறது. எஞ்சினின் முகத்தை நேராகப் பார்ப்பவருக்கு அந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

ஆகவே அளவுத்திட்டத்தைப் பழக்கத்தால் தெரிவுசெய்யாமல், தண்டவாளத்திலிருந்து கணக்கிட்டு எடுங்கள். ஓர் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை அடிப் பாதை மிகச் சரியாக 16.5 மில்லிமீற்றராகச் சுருங்குகிறது. விகிதமாக எழுதினால் 1:101.6. எச்ஓ தண்டவாளமும் சில்லுகளும் ஒரு மயிரிழையும் மாற்றாமல் நம் அகலப்பாதைக்குப் பொருந்தும் அளவு இது ஒன்றே. இந்த வகை எஞ்சின்களில் வழக்கமான 40 அங்குலச் சில்லு இந்த அளவில் 10 மில்லிமீற்றர் விட்டமாகிறது என்பதும் வசதியே. எனக்கு இந்தக் கணக்கு பிடிபடுவதற்கு முன், ஒரு ரயில் பெட்டியை 1:76 அளவில் முழுதாக வரைந்து முடித்துவிட்டு, அதற்குத் தேவையான 22 மில்லிமீற்றர் பாதையைத் தேடி மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். கடைசியில் அந்தக் கோப்பை மூடிவைக்க வேண்டியதாயிற்று.

இந்த அளவில் ஆயத்தமான மனித உருவங்களும் மரங்களும் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாதிரி ரயில் கடைகளில் அரிதுதான். ஆனால் கட்டடக்கலை மாதிரிகள் பெரும்பாலும் 1:100 அளவில் செய்யப்படுவதால், அவற்றுக்கென விற்கும் உருவங்களையும் மரங்களையும் அப்படியே பயன்படுத்தலாம். ஒன்றரை வீத வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. (பழைய களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் ஒடுங்கிய எஞ்சின்களில் உங்கள் மகளுக்கு ஆர்வம் வந்தால் கணக்கு வேறு: அது 2 அடி 6 அங்குலப் பாதை என்பதால், இதே 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் 1:48 அளவு ஏறத்தாழப் பொருந்தும்.)

இனி, அளவெடுப்பது. எம் 2 எஞ்சின்கள் 1954 முதல் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்தவை. ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் நிறுவனம் கட்டியவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சூட்டினார்கள். அவற்றின் மூல அளவுகள் அடி, அங்குலத்தில் இருப்பதால், கிடைக்கும் எந்த எண்ணையும் முதலில் மில்லிமீற்றருக்கு முழுமையாக்கிவிடாமல் அடி அங்குலமாகவே குறித்துவையுங்கள். 3 அடி 4 அங்குலம் என்று இருந்தது 1000 மில்லிமீற்றர் என்று ஆகிவிட்டால், பிறகு அந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

புகைப்படத்தில் இருந்து அளவெடுப்பதாயின், அருகில் நின்று எடுத்த படம் உதவாது. இருபது, முப்பது மீற்றர் தள்ளி நின்று, எஞ்சினின் பக்கவாட்டுக்குச் செங்குத்தாக, அதன் நடுவை நோக்கிக் கமராவை வைத்து, சூம் செய்து எடுங்கள். இரு முனைகளும் சுருங்கித் தெரிவது அப்போது குறையும். உங்கள் வெள்ளவத்தைக் கரையோரப் பாதையில், கடலை நோக்கி நின்று படமெடுப்பதானால் காலை வெயிலே நல்லது. மாலையில் சூரியன் கடற்பக்கம் இறங்குவதால் எஞ்சின் கரிய நிழலாகிவிடும். பாதைக்குள் இறங்க வேண்டாம். மேடையில் நாடாவைக் கொண்டு அளப்பதென்றாலும் நிலைய அதிபரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். படத்துக்கு அளவு பொருத்தும்போது, பலர் செய்வதுபோல் சில்லின் விட்டத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஓடித் தேய்ந்து, பலமுறை கடைசல் பிடிக்கப்பட்ட சில்லு புதிதில் இருந்ததை விடச் சிறியது. அதோடு, சிறிய நீளத்தில் விடும் ஒரு வீதப் பிழை எஞ்சினின் முழு நீளத்தில் அரைச் சாணுக்கு மேலாகப் பெருகும். இரண்டு பொகிகளின் (சில்லுகளைத் தாங்கும் சட்டங்களின்) மையங்களுக்கு இடையிலான தூரம் போன்ற நீண்ட அளவு ஒன்று உறுதியாகத் தெரிந்தால் அதையே ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, பணம் கொடுக்கத் தேவையில்லாத ஃப்ரீகேட் இந்த வேலைக்குப் போதும். ஆனால் அதில் எப்படி வரைவது என்பதில்தான் உங்கள் கைப்பிடிகள் உடைந்ததற்கான விடை இருக்கிறது. எஞ்சினை உண்மையான அளவில் வரைந்து, கடைசியில் முழுவதையும் ஒரே அடியாகச் சுருக்குவது பலருடைய வழக்கம். வெளி உருவத்துக்கு அது சரி, தடிப்புக்குச் சரியல்ல. 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு 101.6 ஆல் வகுபட்டால் 0.03 மில்லிமீற்றர் ஆகிறது. வழக்கமான எந்த அச்சுப்பொறியாலும் அதை அச்சிட முடியாது. 32 மில்லிமீற்றர் கைப்பிடிக் குழாய் 0.3 மில்லிமீற்றராகிறது, அச்சில் வந்தாலும் விரல் பட்டதும் முறியும். இரு துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு விடும் இடைவெளியும் அவ்வாறே சுருங்கிக் காணாமல் போகும்.

ஆகவே இரண்டு வகை எண்களையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். ஃப்ரீகேட்டில் ஒரு விரிதாளைத் திறந்து, முதற்கட்டத்தில் 101.6 என்ற விகிதத்தை எழுதுங்கள். எஞ்சினின் நீளம், அகலம், உயரம், யன்னல்களின் இடம், பொகி மையங்கள் முதலிய வெளி அளவுகளை எல்லாம் உண்மை எண்களாக எழுதி, வரைபடத்தில் அவற்றை அந்த விகிதத்தால் வகுத்துப் பயன்படுத்துங்கள். அடி, அங்குலக் குறியுடன் எழுதினாலும் மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். சுவர்த் தடிப்பு, பொருத்து இடைவெளி, துளை விட்டம் ஆகியவற்றை மட்டும் வகுக்காமல், மாதிரியின் மில்லிமீற்றரிலேயே தனியாக எழுதுங்கள். இப்படி வரைந்தால், நாளை மகள் இதையே பெரிய அளவில் செய்ய நினைத்தாலும், விகிதத்தை மாற்ற வெளி உருவம் மாறும். சுவர்கள் தகுந்த தடிப்பிலேயே இருக்கும்.

அந்த எண்கள் அச்சுப்பொறியைப் பொறுத்தவை. 0.4 மில்லிமீற்றர் முனையுள்ள, பிளாஸ்ரிக் இழையை உருக்கி அச்சிடும் இழை அச்சுப்பொறியில் சுவர் 0.8 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பொருத்து இடைவெளி 0.2 வேண்டும். இவ்வளவு சிறிய மாதிரிக்கு திரவப் பிசினை ஒளியால் இறுகவைக்கும் ரெசின் அச்சையே நான் பரிந்துரைப்பேன். அதில் சுவரை 1 மில்லிமீற்றராக வையுங்கள், 0.1 இடைவெளி போதும், காற்றுத் துளைகளின் பட்டிகளும் தெளிவாக வரும். ஆணித் தலைகளையும் தகட்டு இணைப்புக் கோடுகளையும் உண்மை விகிதத்தில் விட்டால் வர்ணத்துக்குள் மறைந்துவிடும், அவற்றை 0.2, 0.3 மில்லிமீற்றராகச் சற்றுக் கூட்டி வரைவது பொய்யல்ல, அச்சின் தேவை. கைப்பிடிகளை அச்சிடவே வேண்டாம். 0.3 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகுவதற்கு 0.4 மில்லிமீற்றர் துளைகளை மட்டும் வரைந்துவிடுங்கள்.

உடலை ஒரே துண்டாக வரையாமல், சாரதி அறை, எஞ்சின் மூடி, நடைதளம் என்று பிரியுங்கள். வர்ணம் பூசவும் வசதி, ஒன்று பழுதானால் அதை மட்டும் மீண்டும் அச்சிடலாம். கொழும்பின் ஈரப்பதத்தில் திறந்து கிடந்த இழைச்சுருள் நீரை உறிஞ்சி, அச்சில் குமிழிகளையும் நூல்களையும் விடும். சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைக்கவேண்டும். பிஎல்ஏ என்ற வகைப் பிளாஸ்ரிக் இழையில் செய்த மாதிரியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். 60 பாகை செல்சியசை அண்மித்தாலே அது வளைந்துவிடும். ரெசினைக் கையுறை இல்லாமல் தொடவிடாதீர்கள்.

சில்லுகளை அச்சிட முயலாமல் உலோகச் சில்லுகளை வாங்குங்கள். வாங்கியபின், அச்சுத்தண்டின் நீளத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, அந்த எண்ணுக்கே பொகிச் சட்டத்தை வரையுங்கள். எம் 2 எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் ஒவ்வொரு பொகியிலும் மூன்று அச்சுத்தண்டுகள் உண்டு. நடு அச்சுத்தண்டு மோட்டர் இல்லாதது. மாதிரியிலும் நடு அச்சுத்தண்டுக்கு மேலும் கீழும் சிறிது அசைவு விட்டால்தான் வளைவுகளிலும் சீரற்ற இணைப்புகளிலும் மற்றச் சில்லுகள் தண்டவாளத்தை விட்டு எழாது.

முப்பரிமாண அச்சகத்துக்குக் கொடுக்கும்போது, வழக்கமாக உருவத்தைப் பதியும் எஸ்டிஎல் கோப்பில் அலகு பதிவாவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். மில்லிமீற்றரை அங்குலமாக வாசித்தால் மாதிரி 25.4 மடங்கு பெருகும். முடிந்தால் அலகைச் சேர்த்தே பதியும் த்ரீஎம்எஃப் கோப்பாகக் கொடுங்கள். எதுவாயினும் முழு நீளத்தை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். எஞ்சினை அச்சிடும் முன், சுவர், 0.4 மில்லிமீற்றர் துளை, பொருத்துப் பள்ளம் ஆகியன மட்டும் கொண்ட தீப்பெட்டி அளவுச் சோதனைத் துண்டு ஒன்றை எடுத்து, வாங்கிய கம்பியையும் சில்லையும் அதில் செருகிப் பாருங்கள். தேவைப்படும் திருத்தங்களை விரிதாளில் செய்துவிட்டு, சாரதி அறையிலிருந்து தொடங்குங்கள்.