நிக்காஹ் மட்டும் நடந்திருந்தால்…

கேள்வி: ஏழாண்டுகளுக்கு முன் எனக்கு நிக்காஹ் நடந்தது, ஜமாஅத்தின் திருமணப் பதிவேடான தஃப்தரைத் தவிர வேறு பதிவு இல்லை. மூன்றாண்டுகளாகக் கணவர் செலவுக்குப் பணமே தருவதில்லை. பிரிய நினைத்தால் சட்டம் என்னை மனைவியாக ஏற்குமா?
– வாசகி, கோரிப்பாளையம், மதுரை

பதில்: ஏற்கும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்றாலும், பதியாததால் மட்டும் நிக்காஹ் செல்லாததாகிவிடாது. தஃப்தர் நகலும் சாட்சிகளும் உங்களுக்கு வலுவான ஆதாரம். இரண்டாண்டுகள் பராமரிக்கத் தவறிய கணவரிடமிருந்து மணமுறிவு கோர 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் இடமளிப்பதால், மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்தில் நீங்கள் வழக்குத் தொடரலாம். ஜமாஅத் தரும் குலா (மனைவி கோரிப் பெறும் மணமுறிவு) கடிதத்தை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள் (பலர் தடுமாறுவது இங்கேதான்). தனியார் அமைப்புகள் வழங்கும் குலா சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்துள்ளது. மேலும், குலாவில், கணவர் மனைவிக்குத் தரவேண்டிய மணக்கொடையான மஹரை விட்டுக்கொடுக்கும்படி பெரும்பாலும் கேட்பார்கள். 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிந்தாலோ மஹர் உரிமை அப்படியே நிற்கும்.